மூன்றாம் மேசையின் இடது கால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. கதை கட்டுகிற அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே, "போய்ப் பொழப்பைப் பாருங்கப்பா" என்று எழுந்து போகிற ஆள் நான். என் பொழப்பே பிணங்களோடுதான். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கிறேன். பிணம் கெடாமல் ஊறவைக்கிற ஃபார்மலின் வாடை கையில் இருக்கும்போதே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிடுவேன். எனக்குப் பயம் என்றால் இரண்டுதான். ஒன்று, என் பெண்ணுக்குக் காய்ச்சல் வருவது. இன்னொன்று, காலங்கார்த்தாலே மாமியாரிடமிருந்து போன் வருவது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் என் இடது காலை வந்து ஒரு தடவை கிள்ளிப் பார்த்துவிட்டு, அப்புறம் சிரியுங்கள்.

எங்கள் டிசெக்‌ஷன் ஹாலில், அதாவது உடலை அறுத்துப் படிக்கிற கூடத்தில், ஆறு மேசைகள். மேசைக்கு ஓர் உடல். எல்லாம் தானமாக வந்தவை. பெயர் யாருக்கும் தெரியாது, எண் மட்டும்தான். பெயர் இல்லாவிட்டால் பசங்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொருவருக்கும் ஓர் உறவுமுறை வைத்துவிடுவார்கள். மூன்றாம் மேசையில் இருந்தவர் பெரியப்பா. வாட்டசாட்டமான ஆள், அடர்த்தியான மீசை. செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பசங்கள் எனக்கு வைத்த பெயரும் எனக்குத் தெரியும். மிளகாய். அதைப் பற்றி நான் வருத்தப்படவில்லை.

அந்த மாதம் தொடையின் பின்பக்கம் பாடம். எங்கள் வழக்கம் என்னவென்றால், உடலைக் குப்புறப் போட்டு, இடது காலை ஆசிரியர் முதலில் திறந்து காட்டவேண்டும். அதைப் பார்த்துப் பசங்கள் வலது காலைத் திறப்பார்கள். அதனால் பெரியப்பாவின் இடது கால் என் பொறுப்பு. அதில் நான் எடுத்துக் காட்டவேண்டியது சயாட்டிக் நரம்பு.

உடம்பிலேயே தடிமனான நரம்பு அது. உங்களிடமும் இருக்கிறது, இப்போது அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதுகெலும்பின் அடியிலிருந்து ஐந்து வேர்கள் சேர்ந்து ஒன்றாகி, இடுப்பெலும்பின் இடைவெளி வழியாக வெளியே வந்து, பின்பக்கப் பெரிய தசைக்கு அடியில் சுண்டுவிரல் தடிமனுக்கு இறங்கும். தொடையின் பின்னால் நேராக ஓடி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரியும். ஒரு கிளை கெண்டைக்காலுக்குள் போய் உள்ளங்கால் வரை. இன்னொரு கிளை முழங்காலின் வெளிப்பக்க எலும்பைச் சுற்றிக்கொண்டு பாதத்தின் மேல்பக்கம் வரை. பாதத்தைத் தூக்குவது, விரலை மடக்குவது, முள் குத்தினால் காலை இழுத்துக்கொள்வது, எல்லாம் இந்த ஒரு கயிற்றின் தயவுதான்.

திங்கட்கிழமை பெரிய தசையை வெட்டி மடக்கினேன். அடியில் பேரிக்காய் வடிவத்தில் ஒரு சின்னத் தசை இருக்கும். நரம்பு அதற்குக் கீழேதான் வெளியே வரவேண்டும். பெரியப்பாவுக்கு அப்படி இல்லை. நரம்பில் பாதி, அந்தத் தசையின் நடுவைக் கிழித்துக்கொண்டு வந்தது. சிலருக்கு இப்படி அமைவது உண்டு. 'அட, நீங்க வேற ரகம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, நரம்புக்கு அடியில் விரலைக் கொடுத்து லேசாகத் தூக்கினேன்.

சுரீர் என்றது.

அவருக்கு இல்லை. எனக்கு. இடது பக்கம், அதே இடத்தில்.

பத்து வருஷத்துக்கு மேல் குனிந்து நின்று வேலை பார்க்கிறவளுக்கு இடுப்பு வலி வராமல் என்ன செய்யும்? வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் நரம்பு பாடம் எடுக்குற. உன் நரம்பு உனக்கே பாடம் எடுக்குது போல."

"ரொம்ப சிரிப்பா இருக்கு. தைலத்தை எடுங்க."

செவ்வாய்க்கிழமை தொடையைத் திறந்தேன். வலி தொடைக்கு இறங்கியது. புதன்கிழமை முழங்காலின் பின்பக்கம். வலியும் அங்கே வந்தது. கத்தியைக் கீழே வைத்தால் வலி நிற்கும். எடுத்தால் ஆரம்பிக்கும். எனக்கே கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. மனசு செய்கிற வேலை என்று நினைத்தேன். தேர்வுக்குப் படிக்கும்போது எல்லா நோயும் தனக்கே இருப்பதாகத் தோன்றாத டாக்டர் யார்?

வியாழக்கிழமை நான் ஹாலிலேயே இல்லை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இடது தொடைக்குள் யாரோ கையை விட்டுக் கயிற்றை இழுத்த மாதிரி... கால் தானாக விறைத்து நீண்டது. டீ முழுக்க மடியில்.

நொண்டிக்கொண்டே ஹாலுக்கு ஓடினேன். மூன்றாம் மேசையைச் சுற்றிப் பசங்கள். நடுவில் என் ஜூனியர் ஆசிரியை.

"யாரு அதைத் தொட்டது?"

"நான்தான் மேடம். பசங்களுக்குக் காட்டறதுக்காக ஃபோர்செப்ஸால கொஞ்சம் இழுத்தேன்." என் புடவையைப் பார்த்தாள். "என்ன மேடம் ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. டீ."

அந்த நிமிஷம்தான் என் இரண்டு பயங்களோடு மூன்றாவது ஒன்று சேர்ந்தது. அவள் இழுத்தது எனக்குத் தெரிய வழியே இல்லை. நடுவில் இரண்டு சுவர், ஒரு வராந்தா.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு, ஹாலைப் பார்த்துக்கொள்கிற அட்டெண்டர் அண்ணனை நிறுத்தி வைத்தேன். அவர் அதிகம் பேசாத மனுஷர். மழைக்கு முந்தின இருட்டு. ஒரு டியூப் லைட் மட்டும் எரிந்தது. 'உஸ்ஸ்ஸ்' என்று அதன் சத்தம்.

"அண்ணே, ஒரு சின்னச் சோதனை. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன். நீங்க இந்தக் குச்சியால நரம்பு மேல எங்கேயாவது தொடுங்க. எங்கேன்னு சொல்லாதீங்க."

"எதுக்கும்மா?"

"தொடுங்கண்ணே."

சுவரைப் பார்த்து நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் அவர் செருப்பு சரசரத்தது.

தொடையின் நடுவில் குளிர்ச்சியாக ஒரு புள்ளி.

"தொடை. நடுவுல."

"...ஆமாம்மா."

"முழங்காலுக்குப் பின்னாடி."

"ஆமாம்மா."

"முழங்கால் வெளிப்பக்கம்."

"ஆமா." அவர் குரல் மாறியிருந்தது.

அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. டியூப் லைட்டின் சத்தம் மட்டும். பிறகு, மெதுவாக... என் இடது கால் பெருவிரலில் ஏதோ ஏறியது. இழுத்தது. விரல் தானாக உள்ளே மடங்கியது.

"பெருவிரல்," என்றேன்.

அவர் 'ஆமாம்மா' சொல்வதற்காகக் காத்திருந்தேன்.

"அண்ணே, பெருவிரல்தானே?"

"நான் இன்னும் தொடலம்மா."

திரும்பினேன்.

அவர் மேசையிலிருந்து நான்கடி தள்ளி நின்றார். குச்சி கீழே கிடந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பெரியப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவின் பெருவிரல் மடங்கியிருந்தது.

ஃபார்மலினில் ஊறிய உடல் கட்டை மாதிரி இருக்கும். விரலை மடக்க நான் முழுப் பலத்தோடு அழுத்தவேண்டும். அது எனக்குத் தெரியும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு என் விரலைத் தளர்த்தினேன்.

அந்த விரலும் தளர்ந்தது.

மெதுவாக... நிமிர்ந்தது.

அட்டெண்டர் அண்ணன் கதவுவரை பின்னோக்கியே நடந்து போனார். மறுநாள் வேறு துறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றுவரை என்னைக் கண்டால் வேறு வழியில் போய்விடுவார்.

நான் தனியாக நின்றேன். நரம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றினேன். தசையை மடக்கி மூடினேன். தோலை இழுத்து ஊசியால் தைத்தேன். ஒவ்வொரு தையலும் மெதுவாக, ஒரு குழந்தைக்குத் தைப்பது போலத் தைத்தேன். எனக்கு வலிக்கக்கூடாதே.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு ஒன்றையே நினைத்தேன். பாடத் திட்டத்தில் அடுத்த படி இடுப்பு மூட்டு. மூட்டைக் காட்டவேண்டுமானால் குறுக்கே ஓடும் நரம்பை வெட்டி ஒதுக்கவேண்டும். வருஷா வருஷம் நானே வெட்டியிருக்கிறேன். ஒரே இழுப்பு. 'க்ரிச்' என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்.

அதை வெட்டினால் என் கால் என்ன ஆகும்?

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. தினமும் அவளைத் தூக்கிக்கொண்டுதான் ஏறி இறங்குவேன். அவள் பக்கத்தில் படுத்து என் காலின் மேல் காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பாதத்தின் சூடு என் பாதத்தில் தெரிந்தது. அது தெரிகிறதா, தெரிகிறதா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காலையில் நேராக எங்கள் துறைத் தலைவர் ஹெச்.ஓ.டி. அறை.

"சார், மூணாம் மேசை இடது காலை மட்டும் வெட்டவேண்டாம். அந்த நரம்பு அப்படியே இருக்கட்டும்."

"ஏன்?"

உண்மையைச் சொன்னால் லீவு கொடுத்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அது... சாதாரணமா இல்ல சார். நரம்புல பாதி தசையைத் துளைச்சிக்கிட்டு வருது. நம்ம மியூசியத்துலகூட அந்த மாதிரி ஒண்ணு இல்ல."

சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் மலர்ந்துபோனது.

"என்னம்மா, இதையா இத்தனை நாளா சொல்லாம வெச்சிருந்த? எடுத்து ஜாடியில போட்டுடலாம்."

எங்கள் துறையில் சாதாரண நரம்புக்காக யாரும் அவசரப்படமாட்டார்கள். அபூர்வம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கத்தியோடு வந்து நிற்பார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் என் வாயாலேயே கெடுத்தேன்.

கெஞ்சினேன். தேர்வு முடியட்டும், நானே பொறுமையாக எடுத்துத் தருகிறேன் என்றேன். "சரி சரி, அடுத்த மாசம் பாப்போம்" என்றார். அப்பாடா என்று வந்துவிட்டேன். ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் ஏதாவது வழி பண்ணலாம் என்று நம்பினேன்.

மறுநாள் சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. பெண்ணைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகக் கிளம்பினேன். இடுப்பில் அவள், தோளில் பை. மணி பதினொன்று தாண்டியிருந்தது, இரண்டாவது மாடி இறங்கிக்கொண்டிருந்தேன்.

பின்பக்கம், ஒரு தையல் அறுந்தது.

இன்னொன்று.

எனக்குப் புரிந்துவிட்டது. போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். ஏறுவதா, இறங்குவதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு தையலாக அறுவது தெரிந்தது. ஈரத்துணியைப் பிரித்தார்கள். சில்லென்று காற்று பட்டது, தொடைக்கு உள்ளே.

"சார், வேண்டாம்..." என்று மாடிப்படியில் நின்று சத்தமாகச் சொன்னேன்.

"யாரும்மா?" என்றது குழந்தை.

அவளை இறக்கிப் படியில் உட்காரவைத்தேன். நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஃபோர்செப்ஸ் தூக்கியது.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

க்ரிச்.

வலிக்கவே இல்லை.

சத்தம் மட்டும் கேட்டது. உள்ளேயிருந்து.

கொஞ்ச நேரம் கழித்து முழங்காலுக்கு மேலே இன்னொன்று.

க்ரிச்.

அப்புறம் ஒன்றுமில்லை. எல்லாம் நின்றுபோனது. ஒன்றும் ஆகவில்லை, தப்பித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அம்மா," என்றாள் குழந்தை. "உன் செருப்பு கீழ விழுந்துடுச்சு."

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறும் கால். பாதம் படியின் விளிம்பில் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பு கழன்றது எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்திக்குத்திப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. உள்பக்கம் ஒரு நீளப் பட்டையில் மட்டும் இருந்தது. அந்தப் பட்டை வேறு நரம்பின் எல்லை. சயாட்டிக் போனால் எது போகும், எது மிஞ்சும் என்று வகுப்பில் நான் வரைகிற படம், என் காலிலேயே அப்படியே இருந்தது.

ஸ்கேன் எடுத்த டாக்டர் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஆபரேஷன் எப்போ பண்ணாங்க?"

"எந்த ஆபரேஷனும் பண்ணல."

"தொடையில நரம்பே இல்லையேம்மா. மேலயும் கீழயும் கத்தியால வெட்டி நடுவுல எடுத்த மாதிரி இருக்கு."

திருப்பிப் படுக்கவைத்து என் தொடையைப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

என் கால் திரும்பி வருமா என்று கேட்டேன். பதில் எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்டேன். வெட்டுப்பட்ட நரம்பின் மேல்முனை, நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வளரும். தன் மறுமுனையைத் தேடும். கிடைத்தால் சேரும். கிடைக்காவிட்டால் அங்கேயே உருண்டு முடிச்சாகிவிடும். எனக்கு இடைவெளி ஒரு முழத்துக்குக் குறைவில்லை. வேறு நரம்பை எடுத்து ஒட்டவும் வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நன்றாக அழுதேன்.

ஹெச்.ஓ.டி. பழத்தோடு பார்க்க வந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

"உன்னைக் கேக்காம எடுத்துட்டேன், கோச்சுக்காத. வெளியூர் புரொஃபஸர் ஒருத்தர் திடீர்னு வந்துட்டார், காட்டணும்னு ஆசை. ஆனா ரொம்ப அழகா வந்திருக்கும்மா."

"எத்தனை மணிக்கு சார் வெட்டினீங்க?"

"பதினொண்ணேகால் இருக்கும். ஏன்?"

பழம் நன்றாக இருக்கிறது என்றேன்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். காலில் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் பட்டை, கையில் கம்பு. ஆறாவது மேசைவரை நடந்து பார்த்தேன். மூன்றாம் மேசை காலி. பருவம் முடிந்து பெரியப்பாவை எரித்துவிட்டார்கள். யார் அவர், ஏன் நான், எதற்கும் விடை இல்லை. அவரில் மிச்சம் இருந்தது மாடியில், மியூசியத்தில், அந்த ஜாடிக்குள் ஒரு துண்டுத் தசையோடு இருந்த நரம்பு மட்டும்தான். ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தேன். கண்ணாடித் தகட்டில் நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளையாக, சுத்தமாக. ஐந்து நிமிஷம்கூட நிற்கமுடியவில்லை. அதற்கப்புறம் நான் மாடி ஏறியதே இல்லை.

போன வாரம் மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிற அக்கா என் அறைக்கு வந்தார். வந்ததே சண்டைக்கு வந்த மாதிரி.

"மேடம், அந்த சயாட்டிக் ஜாடியை யாராவது தொடறாங்களா? உங்க பசங்களைக் கண்டிச்சு வையுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"நூலு அறுந்துபோகுது. மூணு தடவை கட்டிட்டேன். அதுவும் இல்லாம, ரெண்டு முனையும் மணி மாதிரி வீங்கியிருக்கு. போட்டப்போ அப்படி இல்ல. இப்ப நீளமும் கூடியிருக்கு."

செத்த நரம்பு வீங்காது. ஆறாது. வளராது. ஃபார்மலினில் எதுவும் வளராது.

"அதுகூடப் பரவாயில்ல மேடம். எப்படித் திருப்பி வெச்சாலும், மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து பாத்தா ரெண்டு முனையும் கண்ணாடில முட்டிக்கிட்டு, இந்தப் பக்கமே வளைஞ்சிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"இதோ, உங்க ரூம் பக்கம்தான்."

நான் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "வெயில் படுதோ என்னவோ" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா போன மாசம் ஒரு வாரம் மட்டும் நேர் எதிர்ப்பக்கம் திரும்பி இருந்துச்சு. ஜன்னலைப் பாத்து. அப்புறம் பழையபடி இங்கேயே திரும்பிடுச்சு."

போன மாதம் ஒரு வாரம் நான் லீவில் இருந்தேன். அம்மா வீட்டில். அம்மா வீடு எங்கே இருக்கிறதென்று அந்த அக்காவுக்குத் தெரியாது.

அந்த ஜன்னலைத் திறந்து நேராகப் போனால், நாற்பது மைல்.